ரப்பர் தலையில் ஓடிய அலை

மூளையின் அலைகளைப் பதிவுசெய்து, தேவைப்பட்டால் மெல்லிய மின்துடிப்பும் கொடுக்கிற தொப்பிகளைத் தயாரிக்கும் கம்பெனி அது. திரும்பி வரும் தொப்பிகளைச் சோதித்து, பழைய பதிவுகளை அழிக்கக் கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ஸ்பிரிட் வாடை, ஃபேனின் இரைச்சல், மேசைமேல் தொப்பிகளை மாட்டிச் சோதிக்க ஒரு ரப்பர் தலை, அருகே ஒரு திரை. புதிதாக வந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு அந்த அறை அந்நியமாகத் தோன்றவில்லை. கணவர் போனபின் வீட்டிலும் அவளிடம் பேச ஆளில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு சாம்பல் நிறத் தொப்பியை ரப்பர் தலையில் மாட்டினாள். திரையில் வெறும் நேர்கோடுதான் வரவேண்டும்.

அலை வந்தது.

ஆழ்ந்து தூங்குகிறவர்களின் அலை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

மேலே இருந்த சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள்.

"சார், ரப்பர் தலையில அலை ஓடுது."

"எர்த் சரியில்லம்மா. ரப்பருக்கு என்ன, கனவா வரப்போகுது? அழிச்சிட்டு அடுத்ததைப் பாருங்க." சிரித்தபடியே வைத்துவிட்டார்.

தொப்பியோடு வந்த சீட்டைப் படித்தாள். பெண், வயது அறுபத்தெட்டு, தூக்கமின்மை. தனியாக இருந்தவர். இறந்து நான்கு நாள் கழித்துத்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை தொப்பி தலையிலேயே இருந்திருக்கிறது.

ரப்பர் தலையருகே குனிந்தாள். "அம்மா... தூங்குறீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

அலை சட்டென்று படபடத்தது.

விழித்துக்கொண்டவர்களின் அலை.

கதவுவரை ஓடியவள் நின்றாள். நான்கு நாள் யாருமே எட்டிப்பார்க்கவில்லை. நானும் விட்டுவிட்டு ஓடுவதா? தொப்பியைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

திரையில் இரண்டு கோடுகள்.

பதறிக்கொண்டிருந்தது அவளுடையது. மற்றது அதன் அருகே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை ஆற்றியது. யாரோ குளிர்ந்த விரல்களால் தலையைக் கோதுவதுபோல் இருந்தது. பயத்தில் உடம்பு வியர்த்தது. ஆனாலும் வெகுநேரம் அவள் கழற்றவில்லை.

கழற்றியதும் பதிவை அழித்தாள். திரை வெறுமையானது.

மதியம் போன் அடித்தது. "அந்தத் தொப்பி எங்கம்மாவோடது. வந்து சேர்ந்துச்சான்னு கேக்கலாம்னு..." தயக்கமான ஆண்குரல்.

வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பட்டாணி, சாப்பிட்டியாடா?"

அது அவள் குரல் இல்லை. அந்தச் செல்லப்பெயரும் அவள் அறியாதது.

மறுமுனையில் அவன் போனைக் காதோடு அழுத்திக்கொள்ளும் உரசல் கேட்டது.

"அம்மா?"

போனை வைக்கப் பார்த்தாள். கை விடவில்லை.