கண்ணாடியில் ஒட்டிய தழும்பு

கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்த துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. தை மாதக் குளிரில் மலைமேல் வளப்பூர் நாடே போர்வைக்குள் சுருண்டு கிடக்க, தொட்டால் விரல் மரத்துப்போகும் கண்ணாடியில் பகலெல்லாம் ஒட்டியிருந்த சிலிக்கோன் துண்டுக்கு மட்டும் ஏது இந்தச் சூடு? சண்முகப்பிரியா அதைப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

அவளுடைய இடது புருவத்தைப் பிளந்து கிடந்த தழும்புக்கு ஏழு வயது. கல்யாணமான வருஷம் மிளகு பறிக்க ஏறியவள், மூங்கில் ஏணியின் மூன்றாம் படியில் கால் வழுக்கிக் கீழே கிடந்த கல்லில் மோதினாள். சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்ததோடு சரி. ஆனால் தழும்பு தடித்தது, கறுத்தது, அரித்தது. வாசலூர்பட்டி படகுத் துறையில் அவளிடம் டிக்கெட் வாங்க வருகிறவர்கள் முகத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். பழைய தழும்பு, லேசில் போகாது என்றார் நாமக்கல் டாக்டர். இவளா விடுகிறவள்? தினமும் களிம்பு தேய்த்தாள். இரவில் தழும்பை அமுக்கி மங்கவைக்கும் அந்தச் சிலிக்கோன் துண்டைப் புருவத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் கழுவி, காய்வதற்காகக் கண்ணாடியில் தன் புருவத்துக்கு நேராக ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

“வேண்டாங் கண்ணு, உட்டுரு,” என்றாள் மாமியார் சுப்பம்மாள். “இத்தன வருசமா அதோடதான உன்னையப் பாத்துட்டு இருக்கறோம்.”

“அது இல்லீன்னா என்னையத் தெரியாதுங்களா அத்தை?”

சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவளுக்கு எரிச்சல்தான். என் முகம், என் இஷ்டம்.

துண்டு சூடான நாளிலிருந்து தழும்பு வேகமாக மங்கியது. வீட்டு நாய் அவளைப் பார்த்து உறுமத் தொடங்கியது. சோறு போட வந்தவளைக் கணவன் அருள் ஒரு கணம் வெறித்துவிட்டு, “ஓ, நீயா,” என்றான். துண்டோ நாளுக்கு நாள் தடித்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. கோட்டின் ஓரத்தில் புருவ முடிகள், நட்டு வைத்தாற்போல் வரிசையாக. அவளுக்குப் பயமாக இருந்தது. பயந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்து, இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை தழும்பு இல்லை. தடவிப் பார்த்தாள். மழமழவென்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பூரித்துப்போனவள், பழக்க தோஷத்தில் துண்டைக் கழுவிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

பொழுது சாயத் திரும்பியபோது மூடுபனி வாசல்வரை வந்திருந்தது. காயப்போட்ட மிளகின் காரம் மூக்கில் ஏறியது. நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. சுப்பம்மாள் கதவைப் பாதி திறந்தாள்.

“ஏனுங்க, யாரு வேணுமுங்க?”

ஏழு வருஷத்தில் மாமியார் அவளிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை.

“நான்தானுங்க அத்தை. பிரியா.”

“பிரியா உள்ளதானுங்க இருக்கறா.”

உள்ளே அருள் சிரித்தான். கூடவே ஒருத்தி சிரித்தாள். அது இவளுடைய சிரிப்பு.

கதவைத் தள்ளிக்கொண்டு இவள் உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவளின் புருவத்தில் தடித்த, கறுத்த தழும்பு. சுவரில் கண்ணாடி. அதில் துண்டு இல்லை. எதிரே நின்ற இவள் முகமும் இல்லை.

சண்முகப்பிரியா அழவில்லை. “இது என் ஊடு,” என்றாள்.

சுப்பம்மாள் வாசலைக் கை காட்டினாள். சரி. தழும்புதானே வேண்டும்?

வெளியே மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் அதே ஏணி சாய்ந்திருந்தது. மூன்றாம் படி. கையை விட்டாள். அதே கல். புருவம் பிளந்தது. ரத்தம் வரவில்லை. பிளவுக்குள்ளிருந்து நிறமில்லாத ஏதோ ஒன்று கசிந்து, விரல் வைப்பதற்குள் மூடிக்கொண்டது. மழமழவென்று.

மறுபடி ஏறினாள். விழுந்தாள். மூடிக்கொண்டது.

“பாத்துங்க, அடி பட்டறப் போவுதுங்க,” என்றாள் சுப்பம்மாள் ஜன்னலிலிருந்து, ஊருக்குப் புதியவரிடம் சொல்வதுபோல. அவள் தோளுக்குப் பின்னால் அந்த இன்னொருத்தி, தழும்பைச் சொறிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கட்டும்.

பனியில் ஜன்னல் மறைந்தது. கல் மறைந்தது. கால் படியைத் தேடியது. ஒன்று. இரண்டு. மூன்று.

கையை விட்டாள்.