துணைக்குப் போனவள்

"அந்த டம்ளரைக் கீழே வை! உன் கையால அவளுக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்!"

சமையலறை வாசலை மறித்துக்கொண்டு அத்தை நின்றாள். பெரியவளின் கையில் இருந்த பாலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கீழே லாண்டரிக்கு விடுமுறை. அத்தையின் வாய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது.

"விடியக்காலையில இருந்து அவளுக்குக் குமட்டல் அத்தை... சூடா ரெண்டு வாய் குடிச்சா..."

"அவளுக்கு என்ன வேணும்னு பார்த்துக்க நான் இருக்கேன். மாமனார் சாவுக்கு வராதவ, இந்த வீட்டுல பிறக்கப்போற பிள்ளை மேல ரொம்ப அக்கறை இருக்கிற மாதிரி நடிக்க வேண்டாம்!"

அறைக்குள் கட்டிலில் சாய்ந்திருந்த சின்னவளுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்டுவிட்டு அவள் போர்வையின் ஓரத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஐந்து மாதமாக அவள் செய்வது அதுதான். ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் போர்வையைச் சுருட்டுவாள்.

இந்த வீட்டில் பெரியவள், சின்னவள் என்பது வயதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. மூத்த மகனைக் கட்டியதால் இவள் பெரியவள்; வயது முப்பத்திரண்டு. இளைய மகனைக் கட்டியதால் அவள் சின்னவள், வயது முப்பத்தொன்பது. ஏழு வயது மூத்தவள் வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடும்போது, புதிதாக வருகிறவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த ஏழு வயதில்தான் எல்லாமே இருந்தது.

சின்னவளுக்கு இங்கே இரண்டு முறை வைத்தியம் பார்த்து இரண்டும் கலைந்து போயின. மூன்றாவது முறை டாக்டர் கையை விரித்துவிட்டார். உங்கள் கருமுட்டைக்கு இனிமேல் பலம் இல்லை, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் யாராவது கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அதற்கு இங்கே ஆகும் செலவைக் கேட்டபோது சின்னவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். கடல் தாண்டிப் போனால் அதே வைத்தியம் கால்வாசியில் முடியும் என்று அவனோடு வேலை பார்க்கும் ஒருத்தர் வழி காட்டினார். கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

லாண்டரியில் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் அதைச் சொல்லி அழுதாள். பெரியவள் தன் முனையை விடாமல் கேட்டாள். "இதுக்கா இந்த அழுகை? எனக்கு ஒரு பொண்ணு போதும்னு எப்பவோ முடிவாயிடுச்சு. மாசா மாசம் வீணாப் போறதுதானே, எடுத்துக்கோ!"

இவ்வளவுதான் நடந்தது. பெரிய தியாகம் செய்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை.

வாக்கு மட்டும் மூன்று பேர் வாங்கினார்கள். "யாரு பிள்ளைன்னு நாளைக்கு ஊர் பேசும் அக்கா... தாங்க மாட்டேன்!" என்றாள் சின்னவள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி அண்ணி," என்றான் சின்னவன். "நான் கையெழுத்துப் போடறேன், ஆனா எனக்கு எதுவும் தெரியாது," என்றான் பெரியவளின் புருஷன். டெலிவரி வண்டி ஓட்டுகிறவன் அவன். எந்தச் சந்தில் நுழைந்தால் போலீஸ் நிற்காது என்று அவனுக்கு எப்போதும் தெரியும். சின்னவளுக்கு வைத்தியம், பெரியவள் துணைக்குப் போகிறாள் என்று வீட்டில் சொல்லப்பட்டது.

மூன்று வாரம். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வாடகை அறை, இரண்டு கட்டில், ஊசி மருந்து வைக்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சின்னவன் முதல் வாரம் இருந்து, தன் பங்குக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். தினமும் ஒரே நேரத்தில் பெரியவளின் வயிற்றில் ஊசி. வயிறு உப்பி, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. சின்னவள் உட்கார்ந்து மாட்டிவிடுவாள்.

கடைசி ஊசி போட்ட மறுநாள் மதியம் போன் வந்தது. மாமாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே கிளம்பி வா.

மாமா! ஒன்பது வருடம் பக்கத்து மேஜையில் நின்று இஸ்திரி போட்டவர். மருமகளே என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "பார்ட்னர்!" என்பார். "பார்ட்னர், இந்தச் சட்டைக் காலரை நீ தேய்ச்சியா, இல்லை மிதிச்சியா?" என்பார். பெற்ற அப்பாவிடம் கூட அவள் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை.

சாயங்காலம் விமானம் இருந்தது. ஆனால் கடைசி ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். தவறினால் அத்தனையும் வீண். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுப்பதாக இருந்தது. "போங்க அக்கா... நீங்க கிளம்புங்க," என்றாள் சின்னவள். வாய்தான் அப்படிச் சொன்னது. கை பெரியவளின் முந்தானையைப் பிடித்திருந்தது, விடவே இல்லை.

பெரியவள் போகவில்லை. மறுநாள் காலை அவளை மயக்கத்தில் படுக்க வைத்திருந்த நேரத்தில், இங்கே மாமா போய்விட்டார். இரண்டு நாள் விமானம் ஏறக்கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்; இங்கே அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பெயர்தான். மாமனார் சாவுக்கு வராதவள்!

மதியத்துக்குள் ஹால் நிறைந்துவிட்டது. நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும், சித்தப்பா, சித்தி, இன்னும் பத்துப் பேர். சின்னவளுக்கு ஐந்து மாதம் நல்லபடியாக முடிந்ததைச் சொல்லி அத்தை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பெரியவள் தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார்தான் ஆரம்பித்தாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. சின்ன அண்ணிக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் நீங்க உங்க அம்மா வீட்டுல இருக்கலாமேன்னு அம்மா நினைக்கிறாங்க."

பெரியவள் தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை நினைச்சா அத்தை சொல்லட்டும்."

"நான்தான் சொல்றேன்!" என்று அத்தை எழுந்தாள். "உன்னைப் பார்த்தாலே என் வயிறு எரியுதுடி. அவ வைத்தியத்துக்குப் போனா, வர முடியாது. நீ துணைக்குத்தானே போனே? உன்னை யாரு அங்க கட்டிப் போட்டு வெச்சிருந்தா? அவர் உயிர் போற நேரத்துல நீ எந்தக் கடையில என்ன வாங்கிக்கிட்டு இருந்தியோ!"

சித்தி உச்சுக் கொட்டினாள். பெரியவள் மூன்று பேரைப் பார்த்தாள். சின்னவன் ஜன்னலைப் பார்த்தான். சின்னவள் மடியில் போர்வை இல்லாததால் துப்பட்டாவைச் சுருட்டினாள். புருஷன் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்:

"கொஞ்ச நாள்தானே... போயிட்டுத்தான் வாயேன்."

ஐந்து மாதம் பொறுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை பொறுக்கவில்லை.

"போக மாட்டேன்."

"என்னடி சொன்னே?"

"போக மாட்டேன் அத்தை! ஏன் வரலைன்னு கேட்டீங்கன்னா அதையும் சொல்ல மாட்டேன். மாமாவுக்கும் எனக்கும் என்னன்னு எங்க ரெண்டு பேருக்குத் தெரியும். அதை இங்க நின்னு அழுது காட்டி நிரூபிக்க எனக்கு அவசியம் இல்லை. திட்டினீங்க, கேட்டுக்கிட்டேன். கையால தொடாதேன்னீங்க, கேட்டுக்கிட்டேன். ஆனா இது என் வீடு. இங்கிருந்து என்னை அனுப்பணும்னா... இந்த ஹால்ல வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்காங்களே மூணு பேர்... அவங்க எழுந்து நின்னு, என் முகத்தைப் பார்த்து, 'போ'ன்னு சொல்லட்டும். ஒரே ஒருத்தர் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் போயிடறேன்!"

ஒருவரும் எழவில்லை. ஒரு நிமிடம் முழுதாக நின்று பார்த்துவிட்டு, அவள் விறுவிறுவென்று படியிறங்கி லாண்டரிக்குள் போனாள். ஷட்டரைப் பாதி தூக்கி, விடுமுறை நாளென்றும் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். யாருடையதோ ஒரு காக்கிச் சட்டை கையில் கிடைத்தது. அதன் மேல் அவள் தன் கோபத்தை எல்லாம் வைத்துத் தேய்த்தாள். மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. சின்னவளின் குரல், "அத்தை, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க" என்றது. அறைக்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

பத்துச் சட்டை முடிந்த பிறகு படியில் அத்தையின் காலடி கேட்டது. எப்போதும் தடதடவென்று இறங்குகிறவள், இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள்.

"சொல்லிட்டா," என்றாள் அத்தை.

பெரியவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்டி... ஏன்டி என்கிட்ட சொல்லலை? நாய் மாதிரிக் குரைச்சேனே உன் மேல... ஒரு நாள் திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாக்குக் குடுத்தேன் அத்தை."

"அவர் போன அந்தக் காலையில நீ..."

"மயக்க மருந்து குடுத்திருந்தாங்க. முழிச்சதும் போனைக் கேட்டேன். சின்னவ தர மாட்டேன்னு அழுதா. அப்பவே புரிஞ்சுபோச்சு."

அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ... அந்தப் பிள்ளை... உன்னோட..."

இஸ்திரிப் பெட்டி டக்கென்று நின்றது.

"அத்தை! அந்த வார்த்தை இன்னொரு தடவை உங்க வாயில வந்தா, யாரும் சொல்லாமலே நான் இந்த வீட்டை விட்டுப் போயிடுவேன். வாந்தி எடுக்கிறது அவ. சுமக்கிறது அவ. பெத்துக்கப் போறதும் அவ. அது அவ பிள்ளை. நான் அதுக்குப் பெரியம்மா. குடுத்தது குடுத்ததுதான், அதுல எனக்குப் பங்கு வேண்டாம்!"

அத்தை அவள் கையைப் பிடித்தாள். "தப்புப் பண்ணிட்டேன்மா. என்னை மன்னிச்சுடு..."

பெரியவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"பாதி ஷட்டருக்குள்ள, ஆள் இல்லாத இடத்துல கேட்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம் அத்தை. நீங்க சொன்னது மேலே ஹால்ல. அத்தனை பேர் முன்னாடி. அங்கேதான் திருப்பி எடுத்துக்கணும்."

"எப்படிடி? ஏன் வரலைன்னு கேட்பாங்களே! சொன்னா அவ விஷயம் வெளிய வந்துடுமே. சொல்லாம எப்படி..."

"அது எனக்குத் தெரியாது. நான் அஞ்சு மாசம் யோசிச்சேன். நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க."

அத்தை அந்த இஸ்திரி சுவிட்சைத் தானே அணைத்தாள். "வா மேலே," என்றாள்.

அத்தை ஹாலின் நடுவில் வந்து நின்றாள். பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ அன்னிக்கு வரேன்னுதான் சொன்னா. சாயங்கால விமானத்துக்குக் கிளம்பறேன்னு போன் பண்ணினா. நான்தான் வராதேன்னு சொன்னேன்."

பெரியவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"சின்னவளை ஊர் பேர் தெரியாத இடத்துல தனியா விட்டுட்டு வந்தா வைத்தியம் கெட்டுப்போகும், எனக்குப் பேரப்பிள்ளை வேணும், நீ அங்கேயே கிடன்னு சொன்னேன். அப்புறம் நீங்க எல்லாரும் ஏன் வரலைன்னு கேட்டப்போ, பயந்துக்கிட்டுப் பழியைத் தூக்கி இவ தலையில போட்டேன். இவ ஒரு வார்த்தை என்னைக் காட்டிக் குடுக்கலை."

"அம்மா!" நாத்தனார் அலறிவிட்டாள். "அப்பா கடைசி வரைக்கும் 'பார்ட்னர் எங்கே, பார்ட்னர் எங்கே'ன்னு கேட்டாரேம்மா! பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? நீ ஒரு மனுஷியா?"

"இல்லைடி. அன்னிக்கு இல்லை."

"என்ன அண்ணி, இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றார் சித்தப்பா. சித்தி இப்போது அத்தையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். நாற்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து ஒருத்தரிடமும் ஒரு பேச்சு வாங்காதவள், தலையைக் குனியாமல் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டாள். பெரியவள் தாங்காமல் வாயைத் திறந்தாள். மணிக்கட்டில் பிடி இறுகியது.

"இனிமே இந்தச் சாவைப் பத்தி யாருக்கு என்ன கேட்கணும்னாலும் என்னைக் கேளுங்க. இவளைக் கேட்கக் கூடாது. இவ இந்த வீட்டை விட்டு எங்கேயும் போக மாட்டா. அது பிடிக்காதவங்க தாராளமாக் கிளம்பலாம்!"

நாத்தனார் அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். "உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருவர் பின் ஒருவராக ஹால் காலியானது. புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்," என்றாள் பெரியவள். அவன் வந்த வழியே திரும்பினான்.

அத்தை சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். பெரியவள் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு அத்தை இவ்வளவு பெரிய பொய்? தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை போதுமே! பெத்த பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போறா..."

"போகட்டும். நாலு நாள்ல வந்துடுவா. ஏன், இந்த வீட்டுல நீங்க நாலு பேரும்தான் பொய் சொல்லணுமா?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கும் பழக்கம்தான்டி. அவர் கடைசியா உன்னைக் கேட்டப்போ, 'இதோ, விமானம் ஏறிட்டாளாம், காலையில வந்துடுவா'ன்னு நானே சொன்னேன். அவர் அதை நம்பி, 'சரி, அவ வரட்டும்'னு கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவே இல்லை. நீ வரலைன்னு எனக்குக் கோபம் இல்லைடி... சாகிற மனுஷன்கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியேன்னுதான் ஆறவே இல்லை."

ஐந்து மாதமாக இந்த வீட்டில் ஒருத்தர் முன்னாலும் அழாத பெரியவள், அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "மாமா... மாமா..." என்று வாய்விட்டு, ஒரு சாவு வீட்டில் அழவேண்டிய மாதிரியே அழுதாள். அறை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னவளும் அழுதாள். அத்தை இரண்டு கையாலும் பெரியவளின் தலையை அணைத்துக்கொண்டாள்.

"அழுடி," என்றாள். "இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கே. நல்லா அழு."