மூன்று மணி மாத்திரை

மூன்று மணி மாத்திரையைப் பாப்பாவுக்கு யாரோ கொடுத்துவிட்டிருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில், மூன்று மணிக் கட்டத்தில், அம்மா போடும் அதே வால் நீண்ட டிக். மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்திருந்தது. ஒன்று கூடிப்போனாலும் ஆபத்து என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர், அதில் ஒருத்திக்கு ஆறு வயது.

தூங்காத கண்ணுக்கு என்ன வேண்டுமானாலும் தெரியும் என்று பாப்பாவின் அம்மா தன்னையே கேலி செய்துகொண்டாள். பாப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம், கிருமி தொற்றிவிடுமென்று வாசல் கதவு திறப்பதில்லை, புருஷன் கப்பலில், தினமும் வந்த அக்காவின் போன் வாரம் ஒருமுறையாகி, அதுவும் நின்றுபோனது. பாப்பா எதிரில் அவள் அழுததே இல்லை. முட்டிக்கொண்டு வந்தால் பாத்ரூமுக்குள் போய், குழாயை முழுக்கத் திறந்து, வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். கேட்டால், துணி அலசினேன் என்பாள்.

"மாத்திரை யாரு கண்ணு குடுத்தது?"

"நீதாம்மா."

"நான் துணி அலசிட்டு இருந்தேனே."

பாப்பா மொட்டைத் தலையைத் தடவியபடி யோசித்தது. "அழுற அம்மா உள்ள இருந்தாங்க. அழாத அம்மா குடுத்தாங்க."

இத்தனை நாளும் அழுகை குழந்தைக்குக் கேட்டிருக்கிறது. பழகிய கால்கள் பாத்ரூமுக்கே கொண்டுபோயின, பழகிய கை குழாயைத் திறந்தது.

தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே, கூடத்தில் யாரோ அவசரமில்லாமல் செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது. கை கழுவும் ஸ்பிரிட்டின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. பிறகு ஒரு குரல், களைப்பே அறியாத குரல், கதை சொல்ல ஆரம்பித்தது. அவளுடைய குரல்.

பாப்பா சிரித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குழாயை மூடினாள்.

கதையும் நின்றது.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளித் தாழ்ப்பாள்.

குனிந்தாள். கதவுக்கு அடியில் இரண்டு பாதங்கள். அவளுடைய செருப்பு.

"அம்மா, குழாய் நின்னுடுச்சு. அழுற அம்மா வந்துடுவாங்களா?"

"இனிமே வரமாட்டாங்க, கண்ணு."

அவள் வாயைத் திறந்து கத்தினாள்.

பின்னால் குழாய், தானாகவே, முழுக்கத் திறந்துகொண்டது.