மாமான்னு கூப்பிடாதே!

"ஏங்க, உங்களத்தான்! லைஃப் ஜாக்கெட் போடாம படகு நகராது!"

நோணாங்குப்பம் படகுத்துறையில் அத்தனை பேர் முன்னாலும் படகோட்டி அதட்டியதில் செந்தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. அக்கா பிள்ளைகள் கவிநிலாவுக்கும் இனியவனுக்கும் மாட்டிவிட்ட அவசரத்தில் தனக்குப் போட மறந்துவிட்டாள்... அதற்கு இப்படியா கத்துவது? நிமிர்ந்து முறைத்தாள். அவன் பதிலுக்கு முறைக்கவில்லை, சிரித்தான். அந்தக் கண்கள் இருக்கின்றனவே... பாவி, அவ்வளவு குறும்பு!

கரையிலிருந்து யாரோ கூப்பிட்டதில் அவன் பெயர் சிலம்பரசன் என்று தெரிந்துபோனது. நானாகவா கேட்டேன், என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். வழியெல்லாம் அலையாத்திச் செடிகளையும் நாரைகளையும் காட்டிக்கொண்டே வந்தான். "சித்தி, அதோ பாரு சித்தி!" என்று பிள்ளைகள் துள்ளினார்கள். அவன் பார்வை மட்டும் அவள் பக்கமே தாவித் தாவி...

பாரடைஸ் பீச்சில் இறங்கியதும் கவிநிலா கையசைத்தாள். "டாட்டா மாமா!"

அவன் முகம் சட்டென்று மாறியது. "மாமான்னு மட்டும் கூப்பிடாத பாப்பா."

வந்ததே கோபம் செல்விக்கு! ஆசையாய்க் கூப்பிட்ட குழந்தையிடம் இப்படியா சொல்வான்?

"வா கவி. திரும்பிப் போறப்ப வேற படகுல போய்க்கலாம்," என்று அவன் காதில் விழும்படியே சொல்லிவிட்டு நடந்தாள்.

பிள்ளைகள் அலையில் குதித்துக் கும்மாளமிட்டார்கள். அவளுக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை. சாயங்காலம் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டால் அவனை இனி எங்கே பார்ப்பது? போகட்டுமே, எனக்கென்ன... வீம்பு பேசினாலும் கண்கள் துறைப் பக்கமே திரும்பின.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. துறைக்கு ஓடினார்கள். அங்கே இரண்டு படகுகள்; ஒன்று அவனுடையது. அவள் மற்ற படகில் கால் வைக்கப் போக, சிலம்பரசன் நனைந்தபடி குறுக்கே வந்து நின்றான்.

"ஒரு நிமிஷங்க. பாப்பா உங்கள சித்தின்னுதான கூப்பிடுது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுக்கு நான் மாமான்னா..." பிடரியைச் சொறிந்தான். "நீங்க எனக்குத் தங்கச்சி ஆயிடுவீங்களே! அது என்னால முடியாதுங்க. பாத்த நிமிஷத்துலேர்ந்து முடியல."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடப்பாவி... இதற்கா இவ்வளவு நேரம் பொருமினேன்! சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. விடுவிடுவென்று போய் அவன் படகிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப இவர எப்பிடித்தான் கூப்பிடறது சித்தி?" என்றான் இனியவன்.

அவள் சிலம்பரசனை நேருக்கு நேர் பார்த்தாள். கொட்டுகிற மழையிலும் அந்தக் கண்கள் இமைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை விழுப்புரம் வந்து எங்கப்பாவப் பாருங்க," என்றாள் அவனிடம். பிறகு தலையை நிமிர்த்தி, துறையே கேட்கும்படி சொன்னாள்:

"டேய் இனியா... சித்தப்பான்னு கூப்பிடு!"