வாக்குப்பெட்டிக்குள் மூன்று முட்டை

தேர்தல் நாளன்று காலை ஏழு மணிக்கு, நாற்காலி மேல் ஏறி நின்ற யெர்லின் வாயைப் பிளந்தாள்.

பள்ளித் தாழ்வாரத்து அலமாரியின் உச்சியில் வாக்குப்பெட்டி இருந்தது. வாக்குப்பெட்டி என்றால் காலியாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குள்ளோ சேறும் வேரும் பாசியும் வைத்துக் கட்டிய ஒரு கூடு இருந்தது. கூட்டுக்குள் வெளிர்நீலத்தில் செம்புள்ளி போட்ட மூன்று முட்டைகள்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்றாள் யெர்லின்.

அவள் ஆறாம் வகுப்பு. பள்ளித் தேர்தல் ஆணையத்தின் தலைவி. சும்மா சொல்லக் கூடாது, பெரிய பதவிதான். கோஸ்டா ரிகாவில் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பள்ளியில் ஓட்டுப் போடும். கட்சி, கொடி, பிரசாரம், ரகசிய வாக்கு என்று பெரியவர்கள் தேர்தலில் உள்ள அத்தனையும் இங்கேயும் உண்டு. ஓட்டு எட்டு மணிக்குத் தொடங்கியாக வேண்டும்.

தப்பு அவளுடையதுதான். ஈஸ்டர் விடுமுறைக்கு முன்பே வாட்ச்மேன் அண்ணன் பெட்டிக்கு வார்னிஷ் அடித்து, மூடியைத் திறந்து, அலமாரி மேல் காய வைத்திருந்தார். "முந்தின நாள் பெட்டியைச் சோதிக்க வேண்டும்" என்று யெர்லினே தன் கையால் பட்டியலில் எழுதியிருந்தாள். நேற்று என்ன செய்தாள்? கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "இருக்கு" என்று ஒரு டிக் அடித்துவிட்டு, வாக்குச்சீட்டு வெட்டப் போய்விட்டாள்.

வெளியே மின்கம்பியில் ஒரு பழுப்புப் பறவை உட்கார்ந்து அவளையே பார்த்தது. யிகுவிரோ. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஊரில் வண்ணவண்ணமாக எத்தனையோ பறவைகள் பறக்க, மழையைக் கூப்பிட்டுப் பாடுகிறது என்று இதைத்தான் நாட்டுப் பறவையாக வைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டதா? ஃபியோரெலாவின் கட்சிச் சின்னமும் அதே பறவைதான். ஃபியோரெலா யார்? பாலர் வகுப்பிலிருந்து யெர்லினின் உயிர்த்தோழி.

"என்னடி அங்க?" என்று கேட்டபடியே ஓடி வந்த ஃபியோரெலா, அதே நாற்காலியில் தொற்றி ஏறினாள். எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி பள்ளியே அதிர்ந்தது.

"பாத்தியா! நம்ம குருவி! நாடே எங்களுக்கு ஓட்டுப் போட்டுருச்சு! வாங்க, வாங்க, எல்லாரும் வந்து பாருங்க!"

ஐந்தே நிமிடத்தில் தாழ்வாரத்தில் நாற்பது தலைகள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்க்கட்சி வேட்பாளர் ஆந்த்ரேய் வந்தான். அவன் சின்னம் வெள்ளைவால் மான். அதுவும் நாட்டுச் சின்னம்தான். அவன் கையில் தேர்தல் விதித்தாள் இருந்தது.

"விதி ஏழு. ஓட்டுப் போடுற இடத்துல எந்தக் கட்சிச் சின்னமும் இருக்கக் கூடாது. நேத்து என் மான் கொடிய நீதானே கழட்டச் சொன்ன?"

"ஆமா," என்றாள் யெர்லின்.

"அப்ப இதையும் கழட்டு."

"டேய், இது உயிருள்ள சின்னம்டா!" என்று சீறினாள் ஃபியோரெலா.

"அப்படியா? எங்க சித்தப்பா ஊர்ல நிஜ மான் மேயுது. நானும் ஒண்ண ஓட்டிட்டு வந்து இங்க கட்டிப் போடவா?"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வில்பெர்த் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? கூட்டத் தூக்கி மாமரத்துல வெச்சிருவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம் சார்!" பள்ளிச் சமையலறையிலிருந்து எலிதா அக்கா கரண்டியும் கையுமாக வந்தார். "இடம் மாத்துனா தாய் திரும்பி வராம போயிரலாம். அப்புறம் மூணும் கூமுட்டைதான்."

தலைமையாசிரியர் யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"இன்னிக்கு இது என் பொறுப்பு இல்லப்பா. நாட்டுத் தேர்தல்னா போலீஸே ஆணையம் சொல்றதத்தான் கேக்கணும். நான் எந்த மூலைக்கு? யெர்லின், நீ சொல்லும்மா."

சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி!

எல்லாரும் யெர்லின் முகத்தையே பார்த்தார்கள். அவள் கம்பியைப் பார்த்தாள். தாய்ப்பறவை சர்ரென்று இறங்கி வந்தது, தலைகளைக் கண்டதும் திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கும்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"இது ஆணையத்தோட உத்தரவு," என்றாள். "பெட்டி இங்கயே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது. தாழ்வாரத்த மூடுறோம். ஓட்டு சாப்பாட்டுக் கூடத்துல. எலிதாக்கா, உங்க பீன்ஸ் அண்டாவக் குடுப்பீங்களா?"

"அண்டாவா? இன்னிக்குப் பிள்ளைங்களுக்குப் பீன்ஸ எதுலடி வேக வைப்பேன்?"

"இன்னிக்கு மட்டும் வேற ஏதாவது, அக்கா. ப்ளீஸ்."

"சரி, சரி. எடுத்துக்கோ."

"இன்னொண்ணு," என்றாள் யெர்லின். இதைச் சொல்லத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "இந்தக் குருவி எந்தக் கட்சியும் இல்ல. இதக் காட்டி யாரும் ஓட்டுக் கேக்கக் கூடாது."

ஃபியோரெலாவின் முகம் சிவந்துவிட்டது.

"நீ என் ஃப்ரெண்டுதானே?"

"இன்னிக்கு மூணு மணிக்கு ரிசல்ட் சொல்ற வரைக்கும் நான் யாருக்கும் ஃப்ரெண்டு இல்ல." யெர்லினின் கண்ணில் நீர் முட்டியது. "என்னத் திட்டணுமா? திட்டிக்கோ. ஆனா கொஞ்சம் அந்தக் கம்பியப் பாத்துட்டுத் திட்டு."

ஃபியோரெலா வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். பறவை மறுபடி இறங்கி வந்தது. அவள் தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்கார இடமில்லாமல் கம்பிக்கே போனது.

ஃபியோரெலா தன் கட்சிக்காரர்கள் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்கை? போங்க எல்லாரும்! அது வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று விரட்டினாள். கையிலிருந்த பெரிய கட்சிக் கொடியை விரித்து, மேலே குருவி நுழைய இடம் விட்டு, தாழ்வாரத்தின் வாசலில் திரை மாதிரிக் கட்டினாள். சின்னம் வெளியே தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள்.

"ஒரு பக்கம் மட்டும் கட்டினா எப்படி?" என்றான் ஆந்த்ரேய். மறுகோடி வாசலில் தன் மான் கொடியை அவனும் உள்பக்கமாகவே திருப்பிக் கட்டினான். "இப்ப ரெண்டு சின்னமும் குருவிக்கு மட்டும்தான் தெரியும். அதுக்குத்தான் ஓட்டு இல்லையே!"

இரண்டு திரைகளுக்கும் இரண்டு கட்சியிலிருந்தும் காவலுக்கு ஆட்கள் நின்றார்கள். அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த எலிதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ராணுவமே வேண்டாம்னு கலைச்ச நாடுடா இது. ஒரு குருவிக்கு இவ்வளவு பெரிய படையா!"

சரியாக எட்டு மணிக்கு ஓட்டு தொடங்கியது. அண்டாவுக்கு அட்டையில் மூடி செய்து, நடுவில் கீறல் போட்டு, சுற்றிலும் காகிதப் பட்டை ஒட்டியிருந்தார்கள். பட்டையில் இரண்டு வேட்பாளர்களும் யெர்லினும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு நெய்த்தான் தன் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு வந்து, அண்டா முன்னால் தயங்கி நின்றான்.

"அக்கா, ஓட்டு வெந்துராதா?"

"அடுப்புல வெக்க மாட்டோம். தைரியமாப் போடு."

மதியம் பீன்ஸுக்குப் பதில் சோறும் பொரித்த முட்டையும் வந்தது. நெய்த்தான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழத் தயாரானான். "இது அந்த முட்டையா?"

"இது கோழிக் கட்சி முட்டைடா, சாப்பிடு!" என்றார் எலிதா அக்கா.

இரண்டு மணிக்கு அண்டாவைத் திறந்து எண்ணினார்கள். சீட்டெல்லாம் பீன்ஸ் வாசனை. மூன்று மணிக்கு யெர்லின் எழுந்து நின்று முடிவைப் படித்தாள்.

"மான், ஐம்பத்தெட்டு. யிகுவிரோ..." அவள் தாளை இன்னொரு தடவை பார்த்தாள். "ஐம்பத்தஞ்சு. செல்லாத ஓட்டு ரெண்டு. ரெண்டுலயும் முட்டை படம் வரைஞ்சிருக்கு."

மான் கட்சி ஆர்ப்பரித்தது. ஃபியோரெலா உதட்டைக் கடித்துக்கொண்டு போய் ஆந்த்ரேயின் கையைக் குலுக்கினாள். யெர்லின் பக்கம் திரும்பாமலே வெளியே போய்விட்டாள்.

யெர்லின் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட்டாள். கை போட்டதே தவிர, மனம் அங்கே இல்லை. எல்லாம் முறையாகத்தான் செய்திருந்தாள். ஆனாலும் நெஞ்சு கனத்தது. அந்த நாளை முழுதும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபடி, பையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கமாக நடந்தாள்.

கொடித்திரையின் ஓரத்தில் யாரோ குந்தியிருந்தார்கள். ஃபியோரெலா! விரலை உதட்டில் வைத்து, மறு கையால் இவளை வா என்று அழைத்தாள்.

"உக்காந்துருச்சுடி," என்று கிசுகிசுத்தாள்.

இடுக்கு வழியாக யெர்லின் பார்த்தாள். பெட்டியின் விளிம்புக்கு மேலே ஒரு பழுப்புத் தலையும் மஞ்சள் அலகும் தெரிந்தன. பறவை முட்டைகளின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டாள் ஃபியோரெலா.

"மூணே கால். ஏன்?"

"மூணு மணி வரைக்கும்தானே நீ யாருக்கும் ஃப்ரெண்டு இல்லன்னு சொன்ன? தள்ளி உக்காரு, எனக்கும் தெரியட்டும்."

யெர்லின் தள்ளி உட்கார்ந்தாள். சத்தம் போடாமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து பதினோராம் நாள், அந்த வருஷத்தின் முதல் மழை பெய்தது. அன்றைக்கே முட்டைகள் பொரிந்தன. தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து, மாணவர் தலைவர் ஆந்த்ரேயும் தோற்ற வேட்பாளரும் ஆணையத் தலைவியும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து ஏறி நின்றார்கள்.

"மூணு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஃபியோரெலா. "மூணே மூணு ஓட்டுலதானே தோத்தேன்! இதுங்க கொஞ்சம் முன்னாடியே பொறந்திருந்தா நாங்களும் ஐம்பத்தெட்டு!"

"ரகசிய வாக்கும்மா," என்றான் ஆந்த்ரேய். "மூணும் மானுக்கே போட்டிருந்தா?"

இருவரும் ஒரே நேரத்தில் யெர்லினைப் பார்த்தார்கள்.

"முதல்ல ஒண்ணாங் கிளாஸ்ல சேரட்டும்," என்றாள் யெர்லின். "அப்புறம் பாக்கலாம்."

அந்த உத்தரவு பிடிக்காததுபோல, மூன்று குஞ்சுகளும் வாயை அகலமாகத் திறந்து கத்தின.