இரண்டாவது மூச்சு

“அக்கா குரலை இறக்குங்க மாமா. சுத்தமா இறக்குங்க.”

“அவ போய் ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள காதுல குத்துதா உனக்கு?”

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் சுவர்தான் மெல்லிசு. எட்டு மாதத்துக்கு முன் இரவல் வாங்கிய குடை அப்போது பார்த்து ஞாபகம் வரவே, திருப்பிக் கொடுக்கப் போனேன்.

பாட்டுப் பதிவு செய்யும் அறையில் பக்கத்து வீட்டுக்காரர், குரல்களைக் கலக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைத்துனி, சின்னவள். அக்காவும் தங்கையும் சேர்ந்து பாட வேண்டிய பாட்டு. பெரியவள் தன் பங்கைப் பாடிவிட்டு மறுவாரமே மூச்சுத் திணறலில் போய்விட்டாள். இப்போது பாட்டு தன் ஒருத்தி பெயரில் வர வேண்டும் என்கிறாள் சின்னவள். இருபது வருடமாக அக்காவுக்குப் பின்னால் நின்று பாடியவள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

மிக்ஸரில் ஆளுக்கொரு வரிசை. வரிசையின் அடியில் ஒரு தள்ளுவிசை. ஏற்றினால் குரல் முன்னால் வரும், இறக்கினால் மறையும். அவர் பாட்டை ஓடவிட்டு, மனைவியின் விசையைக் கீழே இழுத்தார். குரல் தேய்ந்தது. அதன் எதிரொலி மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

சின்னவள் என் கையைப் பிடித்தாள்.

“பயப்படாதீங்க. எதிரொலிக்குத் தனி வழி,” என்றவர், அதற்கான குமிழையும் திருகி அணைத்தார்.

சின்னவள் குரல் மட்டும். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரிக்காக ஒரு மூச்சு.

உடனே இன்னொரு மூச்சு.

சின்னவளின் வரிசையை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டார். இரண்டும் அதில்தான் இருந்தன. இரண்டாவது, முடியும்போது சீழ்க்கைபோல இழுத்தது. பெரியவளின் இழுப்பு தெருவுக்கே தெரியும்.

“அவ பக்கத்துல நின்னிருப்பா. இவ மைக்ல விழுந்திருக்கும்,” என்றேன், எல்லாம் தெரிந்தவள்போல.

“இவ பாடினது அவ போய் மூணு வாரம் கழிச்சு.”

சின்னவள் தரையைப் பார்த்தாள். “அன்னிக்கே தெரியும் மாமா. பின்கழுத்துல பட்டுச்சு.”

அவர் மனைவியின் விசையை மேலே தள்ளினார். குரல் வந்தது.

அந்த இரண்டாவது மூச்சு நின்றது.

பாட்டு இரண்டு பெயரிலும் வெளிவந்தது. சின்னவள் அதன்பின் பாடவில்லை. ஒரு கடிகாரக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை போன் செய்வாள். நான்தான் பேசுவேன், தெருவில் சேதிக்கா பஞ்சம். நான் நிறுத்தினால், பதில் சொல்ல அவள் மூச்சு இழுப்பது கேட்கும்.

பிறகு, சீழ்க்கையோடு, இன்னொன்று.