அப்பா மட்டும் வாசிக்கட்டும்

என் அப்பாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வில்லியனூர் பக்கம் ஏதாவது கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தொப்பியும் போட்டுக்கொண்டு பேண்டு செட் போகும் இல்லையா? முன்னால் ட்ரம்பெட். அதற்குப் பின்னால் கிளாரினெட். பிறகு இடுப்பில் மாட்டிய சின்ன சைடு டிரம். எல்லோருக்கும் கடைசியில் ஒரு பெரிய டிரம் நடந்து வரும். அந்த டிரம்முக்கு இரண்டு கால்கள் முளைத்திருக்கும். அந்தக் கால்கள்தான் என் அப்பா.

பெயர் அருள்தாஸ். ஊர் ஒதியம்பட்டு. மற்ற நாட்களில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். முகூர்த்த நாட்களில் டிரம் அடிப்பார். "அடிக்கிறதுதான் என் பொழப்பு. உன்னை மட்டுந்தான் அடிக்கிறதில்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் ப்ரீத்தி. ஐந்தாம் வகுப்பு. போன மாதம் வரைக்கும் அப்பாவின் டிரம்மைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை.

ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளியில் கார்ட்டூன் படம் போட்டார்கள். பேய் வரும், சண்டை வரும் என்று நம்பி, இடித்துத் தள்ளி முன்வரிசையில் இடம் பிடித்தேன். பேயும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. ஏதோ ஒரு துறைமுக ஊர். அங்கே மூன்று பிள்ளைகள். சுருட்டை முடிக்காரி ஒருத்தி, ட்ரம்பெட் ஊதுவாள். கண்ணாடி போட்ட ஒருவன், பியானோ வாசிப்பான். மூன்றாவது ஒரு குண்டுப் பையன், டிரம் வாசிப்பான்.

மூன்று பேருக்கும் ஜாஸ் இசை என்றால் உயிர். துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பலில் ஒரே ஒரு முறை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பழகுவார்கள். கப்பல்காரர் விரட்டுவார். மறுநாளும் போய் நிற்பார்கள். மறுபடியும் விரட்டுவார். எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு கோபம்!

கடைசியில் ஒருவழியாகக் கப்பலில் இடம் கிடைத்தது. வாசித்தார்கள். வரைந்த படம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் கன்னம் உப்பியதைப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டியது. அப்போது திடீரென்று ட்ரம்பெட் நின்றது. பியானோவும் நின்றது. இரண்டு பேரும் திரும்பி, பின்னால் இருந்த குண்டுப் பையனைப் பார்த்தார்கள்.

"ஐயய்யோ! பாட்டு மறந்துபோச்சா டீச்சர்?" என்று கத்திவிட்டேன்.

எங்கள் கீர்த்திகா டீச்சர் சிரித்தார். "மறக்கல ப்ரீத்தி. ஜாஸ்ல அப்படித்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு டர்ன் வரும். அப்ப மத்தவங்க நிறுத்திட்டுக் கேப்பாங்க."

குண்டுப் பையன் தனியாக வாசித்தான். கப்பல் முழுக்க அவனை மட்டும் கேட்டது. எனக்கு அந்தப் பையன் கண்ணுக்கே தெரியவில்லை. அவன் இடத்தில் என் அப்பா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அப்பாவுக்கு ஒரு நாளும் டர்ன் வந்ததே இல்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நவநீதன், "கார்ட்டூனுக்குப் போயி அழுவுறா பாருடா" என்றான். அவனை ஒரு கிள்ளு கிள்ளினேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் அப்பா காலி பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு விரல்களால் வாசிப்பார். முதலில் தூறல் போடும். பிறகு பெருமழை பிடித்துக்கொள்ளும். பிறகு மழை விட்டு, கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும். எல்லாம் அந்த ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில்தான். உஷாராணி, அதாவது என் அம்மா, சோறு வடிப்பதைக்கூட விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்.

அப்படிப்பட்ட அப்பா ஊர்வலத்தில் என்ன வாசிப்பார் தெரியுமா? டும். டும். டும். டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பா பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பேண்டு செட்டுல உனக்கு எப்ப டர்ன் வரும்?"

"இன்னா டர்னு?"

படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பா நன்றாகத்தான் கேட்டார்.

"பெரிய டிரம்முக்கு அதெல்லாம் கெடையாதும்மா. எல்லாரும் கால் மாறாம நடக்கணும்னா, பின்னாடி ஒருத்தன் டும் டும்முன்னு அடிச்சிக்கிட்டே வரணும். அதான் நம்ம வேலை."

"உனக்கு ஆசையே இல்லியாப்பா?"

அப்பா பிரஷ்ஷை மறுபடியும் தண்ணீரில் முக்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பதினாலு வயசுல சேந்தேன். சைடு டிரம் வாசிக்கணும்னுதான் போனேன். நான் கொஞ்சம் ஒசரமா இருந்தேனா, பெருசைத் தூக்கி மாட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அப்படியே பழகிப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு தின்னும்போதும் அதே ஏக்கம். கணக்குப் போடும்போதும் அதே ஏக்கம். எங்காவது தூரத்தில் பேண்டு சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எல்லாம் நின்று, அந்த டும் மட்டும் கேட்காதா என்று இருக்கும். கேட்கவே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டியிட்டு, "மாதாவே, எங்கப்பாவுக்கு ஒரே ஒரு டர்ன். சின்னதா இருந்தாலும் பரவால்ல" என்று வேண்டிக்கொண்டேன்.

மாதாவை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியுமா? அன்றைக்கே செல்லக்கண்ணு மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர்தான் பேண்டு செட்டின் தலைவர். ட்ரம்பெட் ஊதுபவரும் அவர்தான். வில்லியனூரில் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பாட்டு நடுவுல நீங்கல்லாம் கொஞ்சம் நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தீங்கன்னா, எங்கப்பா மட்டும் வாசிப்பாரு."

"நிறுத்துறதா? நல்ல கதையா இருக்கே!" மாஸ்டர் துடைப்பதை நிறுத்திவிட்டார். "நல்ல காரியத்துக்குப் போறப்ப பேண்டு சத்தம் நிக்கக் கூடாது பாப்பா. நின்னா கல்யாண வூட்டுக்காரங்க நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. உங்கப்பா சொல்லி அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது மாஸ்டர்."

"நல்ல வேளை. தெரிஞ்சா கூச்சத்துல ஊரை வுட்டே ஓடிடுவான்."

கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அழுதுகொண்டே அதைத் தின்றேன். மிட்டாய் என்ன பாவம் செய்தது?

அடுத்த வாரம் மதகடிப்பட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையின் அப்பா நமச்சிவாயம், கடைத்தெருவில் பெயிண்ட், ஆணி, குழாய் எல்லாம் விற்கிற பெரிய கடைக்காரர். அம்மாவுக்கு அன்று திருவாண்டார்கோயில் கம்பெனியில் மதிய ஷிப்டு. வீட்டில் தனியாக விட முடியாது என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். தண்ணீர் பாட்டில் பையைச் சுமப்பது என் வேலை.

வெயில் இறங்கும் நேரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. பூ அலங்காரக் காரில் மாப்பிள்ளை. முன்னால் எங்கள் பேண்டு. பாதி வழியில் எல்லாம் நின்றுபோனது. கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று இன்ஜின் பழுதாகி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது.

"சும்மா நிக்க வேணாம், வாசிங்க!" என்றார்கள். மாஸ்டர் ஒரு குத்துப் பாட்டை எடுத்துவிட்டார். கல்யாண வீட்டு அண்ணன்கள் டிராக்டரிலிருந்து ஆளுக்கொரு கரும்பை உருவிக் கடித்துக்கொண்டே ஆடினார்கள். காது கிழிந்தது.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். எங்களுக்கு நேர் எதிரே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மாடி ஜன்னலில் ஒரு அக்கா, தோளில் குழந்தையோடு நின்றார். கீழே பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

குழந்தைக்கு ஒரு வயதுதான் இருக்கும். கையில் ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா ஜொரம்மா. இப்பதான் கண்ண மூடுது. சத்தத்துல தூக்கித் தூக்கிப் போடுது. அவங்ககிட்ட கொஞ்சம் சொல்றியா?" அந்த அக்காவின் குரல் உடைந்தது.

ஒரே ஓட்டமாகக் கீழே வந்து நமச்சிவாயத்தின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அங்கிள், மேல ஒரு பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. குளுக்கோஸ் ஏறுது. தூங்கவே முடியலையாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். உடனே கையைத் தூக்கினார். பேண்டு நின்றது.

நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய அக்கா அம்மணி காருக்குள்ளிருந்து தலையை நீட்டினார். கழுத்து நிறைய நகை, குரல் நிறைய அதிகாரம்.

"இன்னாத்துக்கு நிறுத்தினீங்க? மாப்பிள்ளை நடுரோட்டுல நிக்கிறான், பேண்டு சத்தம் இல்லன்னா நல்லாவா இருக்கும்? வாசிக்கச் சொல்லு!"

"மேல கொழந்தை படுத்திருக்குக்கா" என்றார் நமச்சிவாயம். பிறகு மாஸ்டரிடம் திரும்பி, "கொஞ்சம் மெதுவா ஊதுங்களேன்" என்றார்.

"ட்ரம்பெட்டை மெதுவா ஊதுறதாங்க?" மாஸ்டர் பரிதாபமாகப் பார்த்தார்.

சைடு டிரம் வாசிக்கும் நவீன்குமார் அண்ணன், "நான் மெதுவா வாசிக்கறேன்" என்று கோலை வைத்தார். டர்ர்ர்! மாடியில் குழந்தை வீறிட்டது. அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்கு அந்தப் பாப்பாவைத் தவிர வேறு நினைப்பே இல்லை. எதேச்சையாகத்தான் பின்னால் திரும்பினேன். அப்பா டிரம்மின் ஓரத்தில் கையை வைத்திருந்தார். விரல்கள் சத்தமில்லாமல் தோலைத் தடவிக்கொண்டிருந்தன.

"அங்கிள்! எங்கப்பா மட்டும் வாசிக்கட்டும்! கோல் வேணாம், வெறும் விரலால. பக்கெட்டுல வாசிக்கிற மாதிரி!"

"பக்கெட்டுலயா?" என்றார் அம்மணி.

அப்பாவின் முகம் அந்தச் சிவப்புக் கோட்டைவிடச் சிவந்துவிட்டது. "ஏய், சும்மா இருடி! இத்தினி பேரு முன்னாடி நானா? என்னால ஆவாது."

"பாப்பா தூங்கணும்ப்பா" என்றேன்.

அப்பா ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. பிறகு வாரை அவிழ்த்து டிரம்மைக் கழற்றினார். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் இருந்த பெஞ்சில் அதைப் படுக்க வைத்தார். விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

யாரும் சொல்லாமலே செல்லக்கண்ணு மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நவீனு, திரும்புடா. எல்லாரும் அருளைப் பாருங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு மெதுவாக ஒரு டும். உள்ளங்கையால் வைத்த டும். அதன் மேல் ஒவ்வொரு விரலாக இறங்கியது. பிளாஸ்டிக் பக்கெட்டில் கேட்ட தூறல் இது இல்லை. இந்தத் தூறல் ஆழத்திலிருந்து வந்தது. காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்தது. சரியாகக் கேட்கவில்லையே என்று ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். கரும்பு கடித்துக்கொண்டிருந்த அண்ணன்கள் மெல்லுவதை விட்டார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. கூச்சம் எப்போதோ போய்விட்டது. முழங்கையால் தோலை அழுத்தி ஒரு சத்தம் எடுத்தார், நகத்தால் ஒரு சத்தம், கட்டை விரலைத் தேய்த்து ஒரு சத்தம். அதையெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நான் கேட்டதே இல்லை. இத்தனை நாளாக இவ்வளவையும் எங்கே வைத்திருந்தார்? சந்தோஷத்தில் எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. அம்மா இங்கே இல்லையே என்றும் இருந்தது.

மாடியில் அழுகை விம்மலானது. விம்மல் தேய்ந்தது. அந்த அக்கா அப்பாவின் தாளத்துக்கே மெல்ல ஆடிக்கொண்டிருந்தார். தோளில் இருந்த சின்னத் தலை அசையவில்லை.

கை தட்ட வேண்டும்போல எனக்குத் துறுதுறுவென்று இருந்தது. தட்டினால் பாப்பா எழுந்துவிடும். இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால், நமச்சிவாயம் அங்கிளும் அப்படியேதான் நின்றிருந்தார்.

இதற்குள் யார் யாரோ சேர்ந்து டிராக்டரை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். டிராக்டர்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"வழி வுட்டாச்சு! போங்க, போங்க!"

காருக்குள்ளிருந்து அம்மணி விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ்! இன்னா அவசரம்? அவரு முடிக்கட்டும்."